பாபிலோன் ஆற்றங்கரையும் ஹாம்பர்க் ஆர்கனும்



பட்டான்செருவில் மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வாடகை மாடியில் எங்கள் சபை கூடுகிறது. ஞாயிறு காலையில் தெலுங்கு ஆராதனை. மாலையில் தமிழ் ஆராதனை. மாலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, வேலூர் என்று சொந்த ஊர் பலவாக இருக்கும். சிலர் ராமச்சந்திராபுரத்து பெல் தொழிற்சாலைக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகள். அவர்களுக்குச் சொந்த ஊர் என்பது கோடை விடுமுறையில் ரயிலேறிப் போய்வரும் ஓர் இடம் மாத்திரமே.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலையில், நாசரேத்திலிருந்து மகன் வீட்டிற்கு வந்திருந்த வயதான தாயார் ஒருவர், தாம் சிறுமியாயிருந்தபோது கோவிலில் பாடிய ஞானப்பாட்டு ஒன்றைப் பாடலாமா என்று கேட்டார்கள். சபையில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. வெட்கத்தோடு நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா தனியாகவே இரண்டு சரணங்களைப் பாடி அமர்ந்தார்கள். கீபோர்டு வாசிக்கும் வாலிபன் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். இங்கேயே பிறந்தவன், ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான்.

அடுத்த ஞாயிறு, காணிக்கை வேளையில், அதே மெட்டை அவன் வாசித்தான். முதலில் எளிமையாகத் தொடங்கினான். பின்பு வலக்கை ஓடத் தொடங்கியது. மெட்டு இடக்கைக்கு இறங்கிற்று. மேலே சுரங்கள் மழைபோல் பெய்தன. காணிக்கைப் பை கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பி வந்து, மேசையின்மேல் வைக்கப்பட்ட பின்னும் அவன் நிறுத்தவில்லை. ஏறக்குறைய எட்டு நிமிடங்கள் சென்றன. அந்தத் தாயார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆராதனை முடிந்தவுடன் மூப்பர் ஒருவர் நேரே என்னிடம் வந்தார். “பாஸ்டர், இது ஆராதனையா, கச்சேரியா?” என்று கேட்டார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை வீட்டிற்கு எடுத்துச் சென்றேன். வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திரம் படித்த நாட்களில் கேள்விப்பட்ட ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. 1720ஆம் ஆண்டு, ஜெர்மனி தேசத்தின் ஹாம்பர்க் பட்டணத்தில், கூடியிருந்த மக்கள் ஒரு பழைய பாட்டைக் கேட்டார்கள். ஆர்கன் வாசித்தவர் அந்த ஒரே மெட்டை ஏறக்குறைய அரைமணி நேரம் வாசித்தார். அந்தப் பாட்டு 137ஆம் சங்கீதம். அந்நிய தேசத்திலே கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவோம் என்று சிறையிருப்பில் இருந்தவர்கள் அழுத அதே சங்கீதம். ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்றவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் இது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

மெட்டு பிறந்த விதம்

மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தம் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், 1525இல், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் வோல்ஃப்காங் டாக்ஸ்டைன் என்பவர் 137ஆம் சங்கீதத்தை ஜெர்மன் மொழியில் பாட்டாக அமைத்தார். அவர் மடத்தை விட்டு வெளியேறிய துறவி, ஆர்கன் வாசிக்கிறவர். அதுவரை ஆலயத்தில் பாடியவர்கள் பெரும்பாலும் குருமாரும் பாடகர் குழுவும்தான். இப்பொழுதோ தையற்காரரும் ரொட்டி சுடுகிறவரும் தங்கள் சொந்த மொழியில் சங்கீதத்தைப் பாடினார்கள். ஒரு சரணத்திற்குப் பத்து அடிகள். நிதானமாக நடக்கும் மெட்டு. பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் அமர்ந்து சீயோனை நினைத்தவர்களின் துயரம் அதில் உண்டு. சங்கீதத்தின் பிற்பகுதியில் வருகிற கடுமையான சாபத்தையும் டாக்ஸ்டைன் விட்டுவிடவில்லை. நாம் பிரசங்கத்தில் அந்த வசனங்களை மெதுவாகத் தாண்டிவிடுகிறோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த மெட்டுக்கு இன்னொரு வாழ்வும் கிடைத்தது. 1647இல் பவுல் கெர்ஹார்ட், உலகத்தின் பாவத்தைச் சுமக்கிற ஆட்டுக்குட்டியைப் பற்றிய தமது பாடுகளின் பாட்டை இதே மெட்டில் பாடும்படி அமைத்தார். ஆகவே பிற்கால ஜெர்மன் விசுவாசிக்கு இந்த மெட்டின் முதல் சில சுரங்கள் காதில் விழுந்தவுடன் பாபிலோனும் நினைவுக்கு வரும், கல்வாரியும் நினைவுக்கு வரும்.

இப்படிப்பட்ட ஜெர்மன் பாட்டுகளின் குடும்பம் நமக்கு அந்நியமானதல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும், அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் போன்றோரும், தங்கள் நாட்டுப் பாட்டுகளை அவற்றின் மெட்டோடும் சீரோடும் தமிழாக்கித் தந்தார்கள். அவையே ஞானப்பாட்டுகள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நமது மண்ணின் இராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனைகளைப் பாடித் தந்தது அதற்குப் பிறகு. நாசரேத்துத் தாயாரின் நாவில் இருந்தது, கடல் கடந்து வந்து மூன்று நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசிக்கொண்டிருக்கும் அந்த முதல் வகையைச் சேர்ந்தது.

குழல்களின் கூட்டம்

ஆர்கன் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காலால் மிதித்து வாசிக்கும் பெடல் ஆர்மோனியமே. ஹாம்பர்க் ஆர்கன் அதுவன்று. அது குழல் ஆர்கன். ஆலயத்தின் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும் கருவி. எழுதுகோல் அளவுள்ள குழலும் அதில் உண்டு. முப்பத்திரண்டு அடி உயரமுள்ள, அதாவது மூன்று மாடி வீட்டின் உயரத்தை எட்டும், குழலும் உண்டு. 150ஆம் சங்கீதத்தில் நம்முடைய வேதாகமம் தீங்குழல் என்று சொல்லும் இடத்தில், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஆர்கன் என்றே சொல்கிறது. தீங்குழல்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாய் நின்றால் எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஹாம்பர்க்கில் புனித கத்தரீனாள் ஆலயத்தில் இருந்த ஆர்கனுக்குக் கைவிசை வரிசைகள் நான்கு, ஒன்றன்மேல் ஒன்றாக. கீழே கால்களால் வாசிக்க இன்னொரு வரிசை. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஸ்டாப்புகள். ஒவ்வொரு ஸ்டாப்பை இழுக்கும்போதும் ஒரு குழல் வரிசைக்குக் காற்று திறக்கும், ஒலியின் நிறம் மாறும். மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில், வாசிக்கிறவர் முன்னே அமர்ந்திருக்க, பின்னே ஆட்கள் நின்று துருத்திகளை மிதித்துக் காற்றை நிரப்புவார்கள். சரித்திரத்தில் வாசித்தவரின் பெயர் மாத்திரம் நிற்கிறது. மிதித்தவர்களைக் கர்த்தர் அறிவார்.

அந்த ஆலயத்தில் 1663 முதல் ஆர்கன் வாசித்தவர் யோகான் ஆதாம் ரைன்கென். பாபிலோன் சங்கீதத்தின் மெட்டைக் கொண்டு அவர் எழுதிய படைப்பு 327 தாளக்கட்டங்கள் கொண்டது. வாசித்து முடிக்க இருபது நிமிடம் அளவில் ஆகும். வட ஜெர்மனியில் இவ்வகையான படைப்பைக் கோரல் ஃபாண்டசியா என்றார்கள். கோரல் என்றால் சபையார் பாடும் பாட்டு. ஃபாண்டசியா என்றால் அந்த மெட்டை எடுத்துக்கொண்டு வாசிக்கிறவர் தம் கற்பனையால் விரித்துச் செல்வது.

அது எவ்வாறு நடக்கிறது? நாம் ஒரு வசனத்தை எடுத்து, சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தியானித்துப் பிரசங்கிப்பதில்லையா? அதுபோலவே ரைன்கென் பத்து அடிகளையும் ஒவ்வொன்றாக எடுக்கிறார். ஓர் அடியில் ஒரு குரல் மெட்டைத் தொடங்க, மற்றொரு குரல் அதையே பின்தொடர்ந்து வரும். பின்பு மூன்றாவது குரல். வேறோர் அடியில் ஒரு கை மெட்டைப் பாட, ஒவ்வொரு சுரத்தையும் நெளிவுகளாலும் ஓட்டங்களாலும் அலங்கரித்துச் செல்லும். ஒரு விசை வரிசையில் உரக்கச் சொன்னதை மறு வரிசையில் மெல்லத் திருப்பிச் சொல்லும். ஆற்றின் மறுகரையிலிருந்து எதிரொலி வருவதுபோல். கால்களும் சும்மா இருப்பதில்லை. கைகள் இரண்டும் வெவ்வேறு காரியம் சொல்லிக்கொண்டிருக்கையில், கால்கள் மூன்றாவதைச் சொல்லும். அக்காலத்தில் இதைச் சரியாய் வாசிக்கத் தக்கவர்கள் மிகச் சிலரே.

இதிலே பெருமை இருந்ததா? இருந்தது. 1732இல் அச்சான வால்ட்டரின் இசை அகராதி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. புகழ்பெற்ற ஷைடெமானுக்குப் பிறகு அந்த ஆலயத்திற்கு வந்தவர் ரைன்கென். இதைக் கேட்ட ஆம்ஸ்டர்டாம் இசைக்கலைஞர் ஒருவர், அவ்வளவு பெரியவரின் இடத்தில் அமரத் துணிந்தவன் எவ்வளவு துணிச்சல்காரனாயிருக்க வேண்டும் என்றாராம். அது ரைன்கெனின் காதுக்கு எட்டியது. இந்தப் படைப்பின் பிரதியை அவருக்கு அனுப்பி, அந்தத் துணிச்சல்காரனின் முகத்தை இதிலே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார். ஆம்ஸ்டர்டாம்காரர் ஹாம்பர்க்கிற்கே வந்து, வாசிப்பைக் கேட்டு, ரைன்கெனின் கைகளை முத்தமிட்டாராம். சிறையிருப்பின் கண்ணீர்ப் பாட்டைக் கொண்டு தன் திறமைக்குச் சான்று எழுதுவதா என்று எங்கள் மூப்பர் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமற்றதல்ல.

பதினைந்து வயதுப் பையன்

யோகான் செபஸ்தியான் பாக் என்னும் பெயரைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகள் கீபோர்டு தேர்வு எழுதும் வீடுகளில் அந்தப் பெயர் புழக்கத்தில் உண்டு. ஒன்பது வயதில் தாயையும், பத்து வயது நிறையுமுன் தகப்பனையும் இழந்தவர் அவர். ஓர்ட்ருஃப் என்னும் சிற்றூரில் ஆர்கன் வாசித்த மூத்த அண்ணன் வீட்டில் வளர்ந்தார். அண்ணனிடம் ஓர் இசைப் புத்தகம் இருந்தது. அதைத் தொடவும் அனுமதி இல்லை. பையன் இரவில் எழுந்து, அலமாரிக் கம்பிகளின் இடுக்கு வழியாகக் கையை விட்டுப் புத்தகத்தைச் சுருட்டி எடுத்து, விளக்கு இல்லாததால் நிலா வெளிச்சத்தில் ஆறு மாதங்கள் உட்கார்ந்து நகல் எடுத்தான். அண்ணன் கண்டுபிடித்து நகலைப் பறித்துக்கொண்டார். அவர் மறைந்தபின் 1754இல் வெளியான வாழ்க்கைக் குறிப்பில், அவருடைய மகனும் மாணவரும் சேர்ந்து இதை எழுதியிருக்கிறார்கள்.

1700ஆம் ஆண்டு, பதினைந்தாம் வயதில், அண்ணன் வீட்டில் இடம் போதாமல், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள லூனபுர்க் நகரத்திற்குப் போனார். நல்ல குரலுள்ள ஏழைப் பையன்களுக்குத் தங்க இடமும் படிப்பும் தரும் ஆலயப் பள்ளி அங்கே இருந்தது. பிழைப்பைத் தேடி வடக்கே போன பையன் என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு விளங்கும். பட்டான்செருவின் பல வீடுகளின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

லூனபுர்க்கிலிருந்து ஹாம்பர்க் ஐம்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும். ரைன்கெனின் வாசிப்பைக் கேட்பதற்காகவே அந்தப் பையன் அவ்வப்போது அங்கே போய்வந்தான். ஒருமுறை திரும்பும் வழியில் கையில் காசு தீர்ந்து, ஒரு விடுதியின் சமையலறை வாசனையை முகர்ந்தபடி வெளியே உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஜன்னல் வழியாக இரண்டு மீன் தலைகளை வீசினார்கள். எடுத்துப் பிரித்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொற்காசு! சாப்பிட்டதோடு, அந்தப் பணத்தைக் கொண்டு இன்னொரு முறையும் ரைன்கெனைக் கேட்கப் போனானாம். பாக் முதிர்ந்த வயதில் இதை விருப்பத்தோடு சொல்வார் என்று மார்ப்புர்க் என்பவர் பதிவு செய்திருக்கிறார். பேதுரு பிடித்த மீனை நினைக்காமல் ஒரு போதகன் இதை வாசிக்க முடியாது. ஆகிலும் எனக்கு முக்கியமாய்த் தோன்றுவது, கிடைத்த காசைக் கொண்டு அவன் எங்கே போனான் என்பதே.

இதற்குச் சான்றாக ஒரு காகிதம் நம் காலத்தில் வெளிவந்தது. 2004 செப்டம்பரில் வைமர் நகரத்தில், அன்னா அமாலியா பெயரிலுள்ள நூலகம் தீப்பற்றி எரிந்தது. பல்லாயிரம் புத்தகங்கள் அழிந்தன. வேறிடத்தில் பத்திரப்படுத்தப்பட்டிருந்த பழைய கையெழுத்துச் சுவடிகள் தப்பின. அவற்றுக்குள் இருந்த இசைத்தாள்களை ஆராய்ந்த மிக்கேல் மவுல், பேத்தர் வொல்னி என்னும் இருவர், அவை பாக் சிறுவனாயிருந்தபோது தம் கைப்பட எழுதியவை என்று 2006இல் அறிவித்தார்கள். பாக்கின் கையெழுத்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவையே. அவற்றுள் ஒன்று ரைன்கெனின் பாபிலோன் படைப்பு. 1700இல், லூனபுர்க்கில், கேயோர்க் பேம் என்னும் ஆர்கன் ஆசிரியரிடமிருந்து நகல் எடுத்தது என்று அதன் அடியில் குறிப்பு இருக்கிறது. ஐந்து கோடுகளில் சுரப்புள்ளி இடும் முறையில் அல்ல; இடம் மிச்சமாகும்படி எழுத்துக்களாலேயே சுரங்களைக் குறிக்கும் பழைய முறையில் எழுதப்பட்டது. நம் ஊர்ப் பாடகர் குழுக்களில் சோல்ஃபா எழுத்துக்களைப் பார்த்துப் பாடுகிறவர்களுக்கு இது விநோதமாய்த் தோன்றாது.

தகப்பனும் தாயும் இல்லாத பதினைந்து வயதுப் பையன், வீட்டை விட்டு வந்த அதே வருஷத்தில், 327 தாளக்கட்டங்களையும் ஒன்று விடாமல் எழுதுகிறான். எழுதியது, வீட்டை இழந்தவர்களின் பாட்டை.

கத்தரீனாள் ஆலயத்தில் ஒரு நாள்

இருபது ஆண்டுகள் சென்றன. 1720ஆம் ஆண்டின் கோடையில் பாக் தம்முடைய பிரபுவோடு கார்ல்ஸ்பாட் என்னும் ஊருக்குச் சென்றிருந்தார். திரும்பி வீட்டு வாசலில் கால் வைத்தபோதுதான், மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்துவிட்டது என்று அறிந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகள். வயது முப்பத்தைந்து. வெளிநாட்டு வேலையிலிருக்கும்போது வீட்டிலிருந்து வரும் தொலைபேசிச் செய்தியைப் பயந்து எடுத்திருக்கிறவர்களுக்கு இந்த வாசலை விவரிக்க வேண்டியதில்லை.

அந்த நவம்பரில் அவர் ஹாம்பர்க்கிற்கு வந்தார். புனித யாக்கோபு ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவரின் இடம் காலியாயிருந்தது. இந்தப் பயணத்தில் கத்தரீனாள் ஆலயத்தில், நகரத்துத் தலைவர்களும் பெரியோரும் கூடியிருக்க, இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வாசித்தார். அப்பொழுது கூடியிருந்தவர்கள் பாபிலோன் பாட்டைக் கேட்டார்கள். முன்னேற்பாடு ஒன்றும் இல்லை. முன்னே தாளும் இல்லை. ஹாம்பர்க்கின் நல்ல ஆர்கன் கலைஞர்கள் சனிக்கிழமை மாலை ஜெபத்தில் முன்பு வாசித்த முறையிலேயே, அந்த மெட்டை ஏறக்குறைய அரைமணி நேரம் பலவிதமாக விரித்து வாசித்தார்.

முதியவரான ரைன்கென் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றேழை நெருங்கியிருந்தது என்று பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. இக்கால ஆய்வாளர்கள் அவர் பிறந்தது 1643இல் என்கிறார்கள், அப்படியானால் எழுபத்தேழு. எப்படியானாலும், அந்த மெட்டைத் தம் வாழ்நாளின் முத்திரையாக்கிக்கொண்ட மனிதர். இந்தக் கலை செத்துப்போயிற்று என்று எண்ணியிருந்தேன், இன்னும் உம்மில் அது உயிரோடிருப்பதைக் காண்கிறேன் என்ற கருத்தில் அவர் பாக்கைப் பாராட்டினாராம். பிறரைப் பாராட்டும் வழக்கம் அவருக்கு அதிகம் இல்லை என்பதையும், சற்றுப் பொறாமைக்காரர் என்பதையும் அந்தக் குறிப்பு மறைக்கவில்லை. அவரே பாக்கைத் தம் வீட்டிற்கு அழைத்து உபசரித்தார்.

ஆனால் வேலை? யாக்கோபு ஆலயத்தின் தேர்வு நாளுக்கு முன்பே பிரபுவின் ஊழியத்திற்காகப் பாக் திரும்ப வேண்டியதாயிற்று. பின்பு கடிதப் போக்குவரத்து நடந்தது. அந்த இடத்தில் அவர் அமரவில்லை. டிசம்பரில் ஹைட்மான் என்பவர் தெரிந்தெடுக்கப்பட்டார். அடுத்த மாதம் அவர் ஆலயக் கருவூலத்திற்கு நாலாயிரம் மார்க் செலுத்தினார். தெரிந்தெடுக்கப்படுகிறவர் மனமுவந்து தருவதை வாங்கிக்கொள்ளலாம் என்று ஆலயக் குழு முன்னமே குறித்து வைத்திருந்தது.

அந்த ஆலயத்தின் தலைமைப் போதகர் எர்ட்மான் நொய்மைஸ்டர். பாவிகளை இயேசு ஏற்றுக்கொள்கிறார் என்னும் பொருளுடைய அவருடைய பாட்டு ஆங்கிலம் வழியாக உலகமெங்கும் பரவியது. பாக்கை விரும்பியவர் அவர். கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில், தேவதூதர்கள் பாடிய பாட்டைப் பற்றிப் பேசி வந்தவர், பெத்லகேமின் தூதரில் ஒருவரே வானத்திலிருந்து இறங்கி வந்து மிக அழகாய் வாசித்து, இந்த ஆலயத்தில் ஆர்கன் வாசிக்க விரும்பினாலும், கையில் பணமில்லாவிட்டால் பறந்து திரும்பிப் போக வேண்டியதுதான் என்ற கருத்தில் சொல்லி முடித்தாராம். 1728இல் மத்தேசொன் என்பவர் இதை அச்சிட்டார். பீடத்தின்மேல் நின்று தம் சொந்த ஆலயக் குழுவை இப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும். (இந்த நொய்மைஸ்டரே பிற்பாடு, புறஜாதியாரிடம் மிஷனெரிகளை அனுப்புவதற்கு எதிராகவும் பேசினார். அப்போது தரங்கம்பாடியில் தமிழர்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள்! நல்ல மனிதர்களின் கண்ணும் எல்லாத் திசையிலும் பார்ப்பதில்லை.)

திறமை தவறா?

மூப்பரின் கேள்விக்கு வருகிறேன். அது பழைய கேள்வி. சூரிச் நகரத்தின் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லி, தாமே பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். ஆகிலும் அவருடைய நகரத்தின் பெரிய ஆலயத்தில் ஆர்கன் மௌனமாக்கப்பட்டு, 1527இல் பிரித்தெடுக்கப்பட்டது. கைத்தாளமும் தம்புருவும் மாத்திரம் போதும் என்றிருந்த நம் முன்னோரும் அந்தக் கவலையை அறிந்தவர்களே.

வேதமோ திறமையைக் கண்டு பயப்படவில்லை. 33ஆம் சங்கீதம் நன்றாய்த் தேர்ந்த வாசிப்பைக் கேட்கிறது. 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய பாட்டுகளில் பயிற்சி பெற்றவர்கள் 288 பேர் என்று எண்ணிக்கையே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதே நேரத்தில் 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு நிபந்தனை வைக்கிறார்: குழலோ சுரமண்டலமோ, சத்தங்களில் வேறுபாடு காட்டாவிட்டால், வாசிக்கப்படுவது இன்னதென்று யாருக்குத் தெரியும்? அன்னிய பாஷையைக் குறித்துச் சொல்ல வந்தவர் வாத்தியத்தை உவமையாக்கினார். வாத்தியத்திற்கும் அது பொருந்தும். எட்டு நிமிடமா, அரைமணி நேரமா என்பது என் கவலையல்ல. சுரங்களின் மழைக்குள்ளே அந்தப் பாட்டு இன்னும் கேட்கிறதா என்பதே என் கேள்வி. ஹாம்பர்க்கில் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கியது சபைதான். மெட்டை மனதார அறிந்த சபையார், அதன் ஒவ்வோர் அடியும் எந்த வடிவத்தில் வந்தாலும் அடையாளம் கண்டு உடன் சென்றார்கள். நாங்களோ நாசரேத்துத் தாயாரின் பாட்டை அறியாதவர்களாய் உட்கார்ந்திருந்தோம். அறியாத பாட்டின்மேல் நடக்கும் வித்தை கச்சேரியாகத்தான் தோன்றும். குற்றம் முழுவதையும் அந்த வாலிபன்மேல் சுமத்த என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. பத்து ஆண்டுகளாக அவனுக்குப் புதுப் பாட்டுகளை மாத்திரம் கொடுத்து வந்தவன் நான்.

பாக்கின் காரியத்தில் இன்னொன்றும் உண்டு. அந்த அரைமணி நேர வாசிப்பு காற்றோடு போயிற்று. ஒரு சுரமும் எழுதிவைக்கப்படவில்லை. மிஞ்சியிருப்பது வேறு. அதே பாபிலோன் மெட்டின்மேல் அவர் ஒரு சிறு படைப்பை எழுதினார். ஒரு வடிவத்தில் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குரல்களை வாசிக்க வேண்டும், அது எளிதல்ல. பிற்பாடு லைப்சிக் நகரத்தில், வாழ்வின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், தம் பழைய ஆர்கன் படைப்புகளை மீண்டும் எடுத்துத் திருத்தி நல்ல பிரதியாக எழுதினார். அவற்றுள் இதுவும் ஒன்று. ஐந்து நிமிடம் அளவே உள்ளது. ஓட்டமில்லை, இடிமுழக்கமில்லை. மெட்டு மேல்குரலிலும் இல்லை. நடுவிலே, ஆண் குரலின் உயரத்தில், சற்று அலங்கரிக்கப்பட்டு மெதுவாக நடக்கிறது. சுற்றிலும் மற்றக் குரல்கள் ஆற்றின் நீரைப்போல் அசைந்துகொண்டிருக்கின்றன. பதினைந்து வயதில் நகல் எடுத்த பாட்டை, கண் மங்கிவரும் வயதிலும் அவர் விடவில்லை.

கத்தரீனாள் ஆலயத்தின் ஆர்கன் 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. முன்னமே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட பழைய குழல்கள் மிஞ்சின. அவற்றைச் சேர்த்து நெதர்லாந்து தேசத்தின் ஃப்ளென்ட்ரோப் நிறுவனத்தார் ஆர்கனை மறுபடியும் கட்டினார்கள். 2013இல் வேலை முடிந்தது. ரைன்கெனும் பாக்கும் வாசித்த குழல்களில் சில இன்றும் அங்கே ஒலிக்கின்றன.

அந்த வாலிபனை ஒரு புதன்கிழமை மாலை வீட்டிற்கு அழைத்து, ரைன்கெனின் படைப்பையும், பின்பு பாக்கின் சிறிய படைப்பையும் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். முதலாவதைக் கண் விரியக் கேட்டான். இரண்டாவதை இரண்டுமுறை போடச் சொன்னான். “பாஸ்டர் அங்கிள், நம்ம கீபோர்டுல கால் கட்டை இல்லையே, என்ன செய்ய?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாயாரின் பாட்டைத் தமிழில் எழுதி வரும்படி மாத்திரம் சொன்னேன். சுரங்களுக்குக் கீழே வார்த்தைகளை எழுதிக்கொண்டு வந்தான். ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தன, திருத்திக் கொடுத்தேன்.

தாயார் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பாட்டை இப்பொழுது மாதத்தில் ஒருமுறை எல்லாரும் பாடுகிறோம். முன்னுரையாக அவன் வாசிக்கிறான். மூப்பரிடம் ஹாம்பர்க் கதையைச் சொன்னேன்; முழுதும் கேட்டார். ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் போன ஞாயிறு நான் விளக்கை அணைக்க மேலே ஏறிப் போனபோது, அவர் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று, தம் தகப்பனார் பாடிய ஒரு கீர்த்தனையின் மெட்டை அந்தத் தம்பிக்கு முணுமுணுத்துக் காட்டி, தாளம் தப்புகிறது என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, “எட்டு நிமிஷமெல்லாம் வேண்டாம் பாஸ்டர், நாலு போதும்” என்றார்.